சாம்பலின் கணக்கு

அணுவைப் பிளக்காமல், அணுவோடு அணுவை இணைத்து, அதனால் பிறக்கும் சக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற பேச்சு உலகத்தில் எழுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1955-ம் வருஷத்தில் ஜினீவா நகரில் கூடிய அணுசக்தி மகாநாட்டுக்குத் தலைமை வகித்த நம் நாட்டு டாக்டர் ஹோமி பாபா அவர்கள், இன்னும் இருபது வருஷங்களுக்குள் அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று துணிந்து கூறினார். அந்த இருபது போயிற்று. அடுத்த இருபதும் போயிற்று. மூன்றாவது இருபதும் கழிந்துவிட்டது. 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு செய்தி வெளியாயிற்று. இங்கிலாந்தில் கல்ஹாம் என்னும் ஊரிலிருந்த 'ஜெட்' என்ற பெரிய யந்திரம், அதற்கு முந்திய அக்டோபரில், ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு எரிபொருளைக் கொண்டு 69 மெகாஜூல் சக்தியை உண்டாக்கியது என்பதே அது. பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. 69 மெகாஜூல் என்பது நம் வீட்டு மீட்டர்க் கணக்கில் 19 யூனிட். அதை எடுப்பதற்கு உள்ளே செலுத்திய சக்தி அதைவிட அதிகம். செய்தி வெளியாகும்போது அந்த யந்திரமும் தன் நாற்பது வருஷ ஊழியத்தை முடித்து ஓய்வு பெற்றுவிட்டது.

இவ்வளவு காலம் ஏன் ஆகிறது என்று கேட்டால், சூரியனுக்கு நிகரான உஷ்ணத்தைப் பூமியில் உண்டாக்குவது எளிதா என்று எதிர்க்கேள்வி போடுகிறார்கள். இந்தப் பதில் பாதிதான் உண்மை. சூரியனுடைய மத்தியில் உள்ள உஷ்ணம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. அதைப்போலப் பத்து மடங்கு, அதாவது 15 கோடி டிகிரி உஷ்ணத்தையும் அதற்கு மேலும் உண்டாக்கும் வித்தை, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளில் சென்ற நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கைவந்துவிட்டது. முற்றும் கைவராமல் நிற்பது வேறொன்று. அந்த நெருப்புக்குள் இருக்கும் அணுக்கள் எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்கு எவ்வளவு விரைவாகப் போகின்றன, எவை தங்குகின்றன, எவை வெளியேறுகின்றன என்ற வரவு செலவுக் கணக்கே அது. உஷ்ணத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. இந்தக் கணக்கைப் பற்றி எழுதிய பத்திரிகையை நாம் கண்டதில்லை, நமது பத்திரிகை உள்பட. ஆனால் இந்தக் கணக்கை எழுதும் பொறுப்பில் ஒரு முக்கியமான பகுதியை நமது தேசம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைப் பிறகு சொல்லுவோம். முதலில் கணக்கு இன்னதென்று நேயர்கள் அறிவது அவசியம்.

ஹைட்ரஜன் இனத்தைச் சேர்ந்த டியூட்டீரியம், டிரைட்டியம் என்னும் இரண்டு வாயுக்களைக் கலந்து, பல கோடி டிகிரிக்குக் காய்ச்சினால், அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துபோய், எல்லாம் மின்னேற்றம் பெற்ற துகள்களாகிவிடும். இந்த நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். இதை வைக்கத் தகுந்த பாத்திரம் உலகில் கிடையாது. பாத்திரம் உருகிப் போவது இருக்கட்டும், பாத்திரத்தைத் தொட்ட கணமே பிளாஸ்மா குளிர்ந்து அணைந்துபோகும். ஆகையால் காந்த சக்தியையே பாத்திரமாக்கினார்கள். மின்னேற்றமுள்ள துகள், காந்தக் கோட்டைச் சுற்றிச் செக்கு மாட்டைப் போலச் சுழலுமேயன்றி அதைக் கடந்து எளிதில் போகாது. காந்தக் கோடுகளை வளைத்து, நடுவில் துவாரமுள்ள வடையைப் போன்ற ஒரு வளையமாகச் செய்துவிட்டால், துகள்கள் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ருஷியர் கண்ட இந்த அமைப்புக்கு 'டோகமாக்' என்று பெயர்.

தென் பிரான்ஸிலே கதராஷ் என்னுமிடத்தில் பல நாடுகள் கூடிக் கட்டிவரும் 'ஈட்டர்' என்னும் டோகமாக்கின் பிளாஸ்மா, 800 கன மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் பரவி நிற்கும். அவ்வளவு பெரிய இடத்தில் இருக்கும் வாயுவின் எடையோ அரை கிராமுக்கும் குறைவு. ஒரு சிட்டிகை மூக்குப் பொடிக்கு மேல் இராது. நாம் சுவாசிக்கும் காற்றைக் காட்டிலும் லட்சம் மடங்குக்கு மேல் மெலிந்த இந்த வாயுவிலிருந்து 500 மெகாவாட் சக்தியை எடுக்க வேண்டுமென்பது அந்த யந்திரத்தின் நோக்கம். அந்த நிலையில் ஒவ்வொரு வினாடியும் சுமார் ஒரு மில்லிகிராம் டிரைட்டியம் எரிந்துபோகும். அதற்குச் சற்று அதிகமான எடையுள்ள ஹீலியம் மிஞ்சும். இந்த ஹீலியத்தைத்தான் விஞ்ஞானிகள் சாம்பல் என்கிறார்கள்.

அடுப்பெரிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விறகைத் தள்ள வேண்டும்; சாம்பலை வார வேண்டும்; ஈரமும் மண்ணும் அடுப்பிலே சேரக்கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அடுப்பு அணையும். பிளாஸ்மாவிலும் அவ்வாறே. எரிபொருள் விளிம்பிலிருந்து நடுவுக்குப் போய்ச் சேர வேண்டும். ஹீலியமானது, பிறக்கும்போது தன்னிடமுள்ள உஷ்ணத்தை, அதாவது இணைப்பினால் உண்டாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை, பிளாஸ்மாவுக்குக் கொடுத்துவிட்டு உடனே வெளியேற வேண்டும். உஷ்ணத்தைக் கொடுக்குமுன் போய்விட்டால் நெருப்பு குன்றும். கொடுத்த பின்னும் தங்கினால் எரிபொருளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஈட்டரில் பிறக்கும் சாம்பல் ஒரு நூறு வினாடி வெளியேறாமல் இருந்தால், எரிபொருள் அணுக்கள் ஐந்துக்குச் சாம்பல் ஒன்று என்ற விகிதம் வந்துவிடும். பிளாஸ்மா தன் உஷ்ணத்தைக் காத்து நிற்கும் காலத்தைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு காலம் சாம்பல் உள்ளே நிற்குமானால், தானே எரியும் நெருப்பு என்பது நடவாத காரியம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றாவது, சுவரிலிருந்து பெயர்ந்து வரும் உலோகம். ஈட்டரின் உட்சுவரை டங்ஸ்டனால் அமைப்பதென்று 2023-ம் வருஷத்தில் தீர்மானித்தார்கள். டங்ஸ்டன் எளிதில் உருகாது என்பது அதன் பெருமை. ஆனால் லட்சம் அணுக்களில் டங்ஸ்டன் சில அணுக்களே கலந்தாலும், அவை ஒளியாகவும் எக்ஸ் கதிராகவும் உஷ்ணத்தை வீசிப் பிளாஸ்மாவைக் குளிரச் செய்துவிடும்.

ஆக, ஒன்று உள்ளே வர வேண்டும், ஒன்று வெளியே போக வேண்டும், ஒன்று உள்ளே நுழையவே கூடாது. மூன்றும் ஒரே காந்த வேலிக்குள், ஒரே சுழலில் அகப்பட்டவை.

இந்தக் கசிவு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகள் முதலில் ஏமாந்தார்கள். துகளும் துகளும் மோதுவதனாலேதான் அவை காந்தக் கோட்டை விட்டுக் கோட்டுக்கு நகர முடியும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கசிவு மிகவும் சொற்பம். உஷ்ணம் ஏற ஏற அது இன்னும் குறையும். (இத்தகைய மோதல்களைக் கணக்கிடுவதற்கு இன்றும் பயன்படும் ஒரு சூத்திரம், சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் அவர்களுடைய பெயரால் வழங்குகிறது. நட்சத்திரங்களின் போக்கை ஆராய்ந்தபோது அவர் கண்டது அது.) ஆனால் டேவிட் போம் என்பவர், இரண்டாவது மகாயுத்த காலத்தில் அமெரிக்காவிலே பெர்க்கிலியில் யுரேனியத்தைப் பிரிக்கும் மின்வில்களில் கண்ட கசிவு இதற்கு நேர்மாறாக இருந்தது. அவர் எழுதிய விதி 1949-ல் அச்சாயிற்று. அந்த விதிப்படி உஷ்ணம் ஏற ஏறக் கசிவும் ஏறும். நெருப்பை மூட்ட மூட்டப் பானையின் ஓட்டை பெரிதாகுமென்றால் சமையல் எப்படி நடக்கும்? பிரின்ஸ்டனில் லைமன் ஸ்பிட்ஸருடைய கோஷ்டியார் 1951 முதல் கட்டிவந்த யந்திரங்களில் போம் விதியே பலித்துக்கொண்டு வந்தது. 1960-ஐ அடுத்த வருஷங்களில் பலர் மனமுடைந்து போனார்கள்.

இதற்கிடையில் பிரிட்டிஷார் ஒரு பாடம் படித்தார்கள். 1958-ம் வருஷம் ஜனவரியில், ஹார்வெல்லிலிருந்த 'ஸீட்டா' என்னும் யந்திரத்திலிருந்து நியூட்ரான்கள் புறப்படுவதாகவும், அவை இணைப்பினால் உண்டானவை என்பது நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம் என்றும் ஸர் ஜான் காக்கிராப்ட் அறிவித்தார். லண்டன் பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதங்களுக்குள், அந்த நியூட்ரான்கள் எல்லாத் திசைகளிலும் ஒரே விதமான சக்தியோடு புறப்படவில்லை என்பது வெளிப்பட்டது. அதாவது, அவை பிளாஸ்மாவின் பொதுவான உஷ்ணத்தால் பிறந்தவை அல்ல. மின்சக்தியால் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்ட சில துகள்களின் வேலை. அறிவிப்பைத் திரும்பப் பெற நேர்ந்தது. நியூட்ரான் வந்தது உண்மை. அதற்குக் கூறிய காரணம் உண்மையன்று. நியாயஸ்தலத்தில் பழகியவர்கள் இந்த வித்தியாசத்தை நன்கறிவார்கள். சாட்சி பொய் சொல்லவில்லை. அவனைச் சரியான கேள்வி கேட்கத்தான் ஆளில்லை.

பத்து வருஷங்களுக்குப் பின் மேடை மாறியது. 1968-ல் ஸோவியத் ருஷியாவில் நோவொஸிபிர்ஸ்க் நகரில் கூடிய மகாநாட்டில், ஆர்ட்ஸிமோவிச்சின் கோஷ்டியார், தங்கள் 'டி-3' டோகமாக்கில் உஷ்ணம் ஒரு கோடி டிகிரியை எட்டியதென்றும், அது காக்கப்படும் காலம் போம் விதி அனுமதிப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் தெரிவித்தார்கள். மேனாட்டார் நம்பவில்லை. ருஷியர் உஷ்ணத்தை நேராக அளக்காமல் வேறு அளவுகளிலிருந்து ஊகித்தார்கள் என்பது ஆட்சேபம். அப்போது ஆர்ட்ஸிமோவிச் செய்த காரியம் நம் மனத்தைக் கவருகிறது. வல்லரசுகள் ஒன்றையொன்று சந்தேகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், எதிர்ப் பக்கத்தாராகிய பிரிட்டிஷாரையே, உங்கள் கருவியைக் கொண்டுவந்து எங்கள் யந்திரத்தை நீங்களே அளந்து பாருங்கள் என்று அழைத்தார். 1969-ல் கல்ஹாமிலிருந்து ஒரு சிறு கோஷ்டி, டன் கணக்கான சாமான்களோடு மாஸ்கோவுக்குப் போயிற்று. அவர்கள் கையாண்ட முறை இது: மாணிக்க லேஸரின் செந்நிற ஒளியைப் பிளாஸ்மாவுக்குள் ஒரு நொடிப்பொழுது பாய்ச்சினால், எலெக்ட்ரான்கள் அதில் மிக மிகச் சிறிய ஒரு பகுதியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளியின் நிறம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது உஷ்ணத்தைச் சொல்லும். அதன் பிரகாசம் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைச் சொல்லும். அளந்தார்கள். ருஷியர் சொன்னது மெய்யென்று அவ்வருஷமே பிரசுரித்தார்கள். பிரின்ஸ்டன்காரர்கள் தங்கள் யந்திரத்தைப் பிரித்து, 1970-க்குள் டோகமாக்காக மாற்றிக்கட்டினார்கள். பிறகு உலகமெங்கும் டோகமாக்கே பரவிற்று. ஒரு யந்திரத்தின் கதியை நிர்ணயித்தது மற்றொரு யந்திரமல்ல, ஓர் அளவு.

நிற்க. மாஸ்கோவில் அளந்தது இருப்புக் கணக்கு. இந்த இடத்தில் இத்தனை துகள், இவ்வளவு உஷ்ணம் என்பதோடு அது நின்றுவிடும். வரவு செலவுக் கணக்கு அதைவிடக் கடினம். அஃது ஏனெனில், பிளாஸ்மாவில் துகள்கள் நகருவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று பரவல்: நெருக்கமான இடத்திலிருந்து நெருக்கம் குறைந்த இடத்துக்கு இயல்பாகப் போவது. மற்றது இழுப்பு: நெருக்கத்தைப் பாராமல், கூட்டமாக ஒரே திசையில், பெரும்பாலும் உள்நோக்கி, நகருவது. பிளாஸ்மா அமைதியாக நிற்கும்போது நடுவிலே எண்ணிக்கை மாறாமல் இருக்கிறதென்றால், வெளிநோக்கிய பரவலும் உள்நோக்கிய இழுப்பும் சமமாக இருக்கின்றன என்றுதான் பொருள். கயிறிழுக்கும் பந்தயத்தில் கயிறு அசையாமல் நிற்கிறது. இரண்டு முனைகளிலும் இழுப்பவர்கள் குழந்தைகளா, மல்லர்களா என்பது கயிற்றைப் பார்த்தால் தெரியுமோ? தெரியாது. ஒரு பக்கத்தைத் திடீரென்று உலுக்கிப் பார்த்தால் தெரியும்.

ஆகையால் பிளாஸ்மாவை வேண்டுமென்றே சிறிது கலைக்கிறார்கள். வாயுக் குழாயைத் தாளம் போடுவதுபோலத் திறந்து மூடுகிறார்கள். விளிம்பில் எழும் அலை உள்ளே பரவும். ஒவ்வோர் ஆழத்திலும் அது எவ்வளவு தாமதித்து வருகிறது, எவ்வளவு மங்கி வருகிறது என்று பார்த்தால், பரவல் இவ்வளவு, இழுப்பு இவ்வளவு என்று தனித்தனியே பிரிக்கலாம். அலையை எப்படிக் காண்பது என்றால், ஒளிக் கற்றையொன்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பிளாஸ்மா வழியாகவும் மற்றொன்றை வெளியே சுற்றியும் அனுப்பி, இரண்டும் சேரும்போது எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்று ஒப்பிடுகிறார்கள். வழியிலிருந்த எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை அதில் பதிவாகிறது. ரேடியோ அலையை அனுப்பி, அது எந்த ஆழத்தில் திரும்பி எதிரொலிக்கிறது என்று பார்ப்பதும் உண்டு. இது நம் நாட்டுக்குப் புதிதன்று. கல்கத்தாவில் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா, 1930-ஐ அடுத்த வருஷங்களில், வானத்தின் மேல்தட்டில் உள்ள மின்மயமான காற்றை ஆராய்ந்தது இம்முறையை அனுசரித்தே. கண்ணாடியில் பூசிய உலோகப் படலத்தை லேஸரால் அடித்து, சில அணுக்களைப் பிளாஸ்மாவுக்குள் தெறிக்கவிட்டு, அவை போகும் வழியை எக்ஸ் கதிரால் பின்தொடர்வது மற்றொரு முறை. டங்ஸ்டன் போன்ற அழுக்கின் போக்கை அறிய இதுவே உதவுகிறது.

2003-ம் வருஷத்தில் ஜெட் யந்திரத்தில் செய்த பரீட்சை நமக்கு எல்லாவற்றிலும் அழகாகத் தோன்றுகிறது. டியூட்டீரியப் பிளாஸ்மாவுக்குள் மிகச் சிறிதளவு டிரைட்டியத்தை ஊதினார்கள். டியூட்டீரியம் தன்னினத்தோடு இணையும்போது வரும் நியூட்ரானின் சக்தி ஓர் அளவு. டிரைட்டியத்தோடு இணையும்போது வருவது அதற்கு ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆகவே டிரைட்டியம் எங்கே போனாலும் அங்கே அதன் முத்திரையுள்ள நியூட்ரான் எழும். வாய்க்காலில் ஓரிடத்தில் மஞ்சளைக் கரைத்துவிட்டு, மஞ்சள் நீர் எந்த வயலுக்கு எப்போது போய்ச் சேருகிறது என்று பார்ப்பதற்கு இது ஒப்பாகும். படுக்கையாகவும் செங்குத்தாகவும் 19 கோடுகளில் வைத்த நியூட்ரான் கண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. எரிபொருள் விளிம்பிலிருந்து நடுவுக்கு நடக்கும் நடையை மனிதன் அவ்வாறு கண்டான்.

இவ்வளவு சொன்ன பிறகு இதன் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். வரவு செலவுக் கணக்கில் வரவு எவ்வளவு என்பதே சந்தேகத்துக்கிடமானது. குழாயால் ஊதும் வாயு தெரிந்ததே. ஆனால் பிளாஸ்மாவிலிருந்து தப்பிச் சுவரில் மோதிய துகள், அங்கே குளிர்ந்து மறுபடி உள்ளே வருகிறது. குழாயில் வருவதைவிட இப்படித் திரும்பி வருவது பல மடங்கு அதிகமாயிருக்கலாம். அதை ஹைட்ரஜனின் செந்நிற ஒளியைப் பார்த்து மதிக்கிறார்கள். ஒளி சுவரெங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. யந்திரத்திலோ சில ஜன்னல்கள்தான் உண்டு. ஓர் ஏரியில் ஊற்று எங்கெங்கே இருக்கிறதென்று தெரியாமல், நாலு இடத்தில் கோல் நட்டுப் பார்த்து மொத்த வரவைச் சொல்லுவதுபோல இருக்கிறது. ஆதலின் ஒரே பதிவை வைத்துக்கொண்டு இருவர் இரு தொகை சொல்லுவது உண்டு. இன்ன தொகை, பிழை இவ்வளவு வரை இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்லாத அளவு அளவே அல்ல. சந்தர்ப்ப சாட்சியத்தின்மேல் தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் சங்கிலியில் எந்தக் கணு பலவீனமானது என்பதை அறிந்த பிறகே சொல்லலாம்.

அளந்ததில் இரண்டு ஆச்சரியங்கள் வெளிப்பட்டன. ஒன்று, கசிவு மோதல் கணக்கைவிடப் பத்து மடங்கு, சில வேளை அதற்கும் மேல். பிளாஸ்மாவினுள் எழும் சுழல்களும் கொந்தளிப்புமே இதற்குக் காரணம். இரண்டாவது, அந்தக் கொந்தளிப்பே துகள்களை உள்நோக்கியும் இழுக்கிறது. நடுவிலே எரிபொருள் ஊட்டாத பிளாஸ்மாவிலும் நடுவிலேதான் நெருக்கம் அதிகமாக இருக்கிறது. ஜெர்மனியிலுள்ள ஆஸ்டெக்ஸ் யந்திரத்தின் அளவுகளையும் ஜெட்டின் அளவுகளையும் ஒப்பிட்டபோது, மோதல் குறையக் குறைய இந்த நெருக்கம் அதிகப்படுகிறது என்றும் தெரிந்தது. ஈட்டரில் மோதல் குறைவு. ஆகவே அங்கும் நடுவிலே எரிபொருள் குவியுமென்று எதிர்பார்க்கிறார்கள். எரிபொருள் குவிவது நல்லதே. ஆனால் எரிபொருள் குவிந்த இடத்துக்கு டங்ஸ்டனும் கூடவே வந்து குவியுமா, சாம்பல் அங்கேயே தங்கிவிடுமா என்ற கேள்விகளுக்கு, எரியும் பிளாஸ்மாவிலே அளந்தால்தான் முடிவான பதில் கிடைக்கும்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் 1989-ம் வருஷத்தில் 'ஆதித்யா' என்னும் டோகமாக் வேலை செய்யத் தொடங்கிற்று. அதை வடிவமைத்துக் கட்டியவர்கள் நம்மவர்கள். வளையத்தின் நடுவிலிருந்து பிளாஸ்மாவின் மத்திக்கு முக்கால் மீட்டர். பிளாஸ்மாவின் பருமனில் பாதி கால் மீட்டர். மேனாட்டு யந்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். பெரிய உஷ்ணமும் பெரிய சக்தியும் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் அளப்பதற்கு யந்திரம் பெரிதாக இருக்க வேண்டிய நியதி இல்லை. ஆதித்யாவின் விளிம்பிலே மெல்லிய உலோக முட்களை நீட்டி, அங்கே துகள்களின் நெருக்கம் கணந்தோறும் எப்படி மாறுகிறது என்று ஸ்தாபனத்தார் பதிவு செய்தார்கள். கசிவு, ஓட்டைக் குடத்திலிருந்து சொட்டும் நீர்போல ஒரே சீராக இல்லை என்று கண்டார்கள். சிறிது நேரம் அமைதி, திடீரென்று ஒரு வீச்சு, மறுபடி அமைதி என்று விட்டுவிட்டு அது வந்தது. ஸ்தாபனத்தின் தலைவராயிருந்த காலஞ்சென்ற பிரதிமன் காவ் அவர்களும் உடனுழைத்தோரும் இதை 1992-ல் அமெரிக்காவின் 'பிஸிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' என்னும் பத்திரிகையில் பிரசுரித்தார்கள். இவ்விஷயத்தில் காலத்தால் முற்பட்ட பிரசுரங்களுள் அது ஒன்று. பின்னர் மற்ற நாடுகளில் வேகமான காமிராக்களைக் கொண்டு விளிம்பைப் பார்த்தபோது, துகள்கள் திரள் திரளாகச் சுவரை நோக்கிப் பறப்பது கண்ணுக்கே தெரிந்தது. இன்று சுவர் எவ்வளவு நாள் தாங்கும் என்று கணக்கிடுகிறவர்கள் இந்தத் திரள்களை விட்டுவிட்டுக் கணக்கிடுவதில்லை. இதைப் பற்றி அந்நாளில் நம் பத்திரிகைகளில் நாலு வரியாவது வந்திருக்குமோ என்பது சந்தேகமே.

2005-ம் வருஷம் டிஸம்பரில் இந்தியா ஈட்டர் கூட்டத்தில் சேர்ந்தது; மறு வருஷம் நவம்பரில் பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஐரோப்பியர் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செலவை ஏற்க, மற்ற ஆறு நாடுகளும் நூற்றுக்கு ஒன்பது என்ற கணக்கில் பகிர்ந்துகொண்டன. நம் பங்கில் பெரும்பகுதி ரொக்கமாகவன்றிச் சாமானாகவே போகிறது. யந்திரம் முழுவதையும் மூடி நிற்கும் பிரம்மாண்டமான கிரையோஸ்டாட் என்னும் எஃகுக் கலத்தை நாம் செய்துகொடுத்தோம். குஜராத்தில் ஹஜீராவில் செய்த துண்டுகள் கப்பலேறிப் போய், கதராஷில் ஒட்டப்பட்டன. 1,250 டன் எடையுள்ள அதன் அடிப்பாகம் 2020-ம் வருஷம் மே மாதத்தில் குழிக்குள் இறக்கப்பட்டது. அந்தப் படத்தை எல்லோரும் பிரசுரித்தோம், பெருமைப்பட்டோம். பெருமைப்பட்டதில் தவறில்லை.

ஆனால் அதே உடன்படிக்கையில் நாம் ஏற்ற மற்றொரு வேலையைப் பற்றிப் படம் போட்டவர் இல்லை. சாம்பலை அளக்கும் கருவி நம்முடையது. ஹைட்ரஜன் துகள்களை ஒரு லட்சம் வோல்ட்டில் முடுக்கி, அவற்றின் மின்னேற்றத்தை நீக்கி, கற்றையாகப் பிளாஸ்மாவுக்குள் பாய்ச்சுவது இதன் வேலை. மின்னேற்றம் இல்லாத அணுவைக் காந்த வேலி தடுக்காது. அது உள்ளே போய் ஒரு ஹீலியத் துகளைச் சந்தித்தால், தன் எலெக்ட்ரானை அதற்குக் கொடுத்துவிடும். பெற்றுக்கொண்ட ஹீலியம் ஒரு நீலநிற ஒளியை விடும். அந்த ஒளி எவ்வளவு பிரகாசமாக இருக்கிறதோ அவ்வளவு சாம்பல். நிறம் எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு உஷ்ணம். நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தத் திசையில் ஓட்டம். சாம்பல் நடுவிலே தங்குகிறதா, போகிறதா என்ற கேள்விக்கு ஈட்டரில் நேரான பதில் சொல்லப்போவது இந்தக் கற்றையின் ஒளியே. இதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே காந்திநகரில் ஒரு சோதனைசாலை அமைந்திருக்கிறது. எஃகுக் கலத்தைவிட இது கடினமான வேலை. எஃகை ஒட்டும் வித்தை நம் பட்டறைகளுக்குப் பழகியது. எதிர் மின்னேற்றமுள்ள ஹைட்ரஜனைப் பெருந்தொகையாக உண்டாக்கி, கலையாமல் ஒரே கற்றையாக நெடுந்தூரம் செலுத்துவது உலகத்திலேயே சிலருக்குத்தான் கைவந்திருக்கிறது.

ஏழை நாடாகிய நாம் இதில் பணம் போடுவானேன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது நியாயம். ஈட்டரின் காலக்கெடு தவறியதும் உண்மை. 2025-ல் தொடங்கும் என்றிருந்தது மாறி, 2024-ல் வகுத்த புதிய திட்டப்படி 2034-ல் ஆராய்ச்சி தொடங்கும் என்றும், 2039-ல்தான் டிரைட்டியம் உள்ளே செல்லும் என்றும் சொல்லுகிறார்கள். நம்முடைய பதில் இதுதான். இக்கூட்டத்தில் யந்திரத்தின் அறிவு எல்லா அங்கத்தினருக்கும் பொது என்பது ஒப்பந்தம். பொதுவில் வைத்த புத்தகம் படிக்கத் தெரிந்தவனுக்கே சொந்தம். கலத்தைச் செய்து அனுப்பிவிட்டு, அளவுகளை மற்றவர் படித்துச் சொல்லக் காத்திருந்தால், கொடுத்த பணம் தர்மக் கணக்கில் சேரும். அளக்கும் கருவியும் நம்முடையதாய், அதன் பதிவைப் படித்துப் பரவல், இழுப்புக் கணக்கை எழுதுகிறவர்களும் நம்மவராயிருந்தால், நாளை நாம் சொந்தமாக ஓர் உலை கட்டும்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை. டி-3-ஐக் கட்டியவர் ருஷியர். அதன் பேச்சை உலகம் ஏற்கும்படி செய்தவர் அளந்தவர். இரண்டாவது ஸ்தானம் நமக்கு இப்போது கிடைத்திருக்கிறது.

ஆகையால் அணுசக்தி இலாகாவை நாம் கேட்பது ஒன்றே. கிரையோஸ்டாட்டைப் பற்றிப் பார்லிமெண்டுக்குத் தெரிவித்ததுபோல, இந்தக் கற்றை எந்த நிலையில் இருக்கிறது, குறித்த ஆற்றலில் எவ்வளவு எட்டியிருக்கிறது, எத்தனை பேர் அதில் வேலை செய்கிறார்கள் என்பதை வருஷந்தோறும் தெரிவிக்கட்டும். தோல்வியையும் சேர்த்தே தெரிவிக்கட்டும். ஸீட்டாவைப் போல முந்திக்கொண்டு பறைசாற்ற வேண்டாம். இளைஞர்களை அனுப்பும்போது, குழாய் பூட்டவும் எஃகு ஒட்டவும் அனுப்புவதோடு, ஒளியைப் படிக்கவும் பிழையை மதிக்கவும் தெரிந்தவர்களையும் அனுப்பட்டும். அதற்குக் காந்திநகர் ஒன்றே போதாது. நமது சர்வகலாசாலைகளிலே இந்த வித்தையைக் கற்பிக்கும் பீடங்கள் இன்னும் பல வேண்டும்.

2039-ம் வருஷத்தில் அந்த நீல ஒளியின் முதற்பதிவைக் கையில் வாங்கிக் கணக்கெழுதும் வயதில் இருக்கப்போகிறவர்கள், இன்று நம் ஹைஸ்கூல்களிலும் காலேஜுகளிலும் பௌதிக பாடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.